கணக்கில் சேராத பறப்பு

லூப்டனைச் சுற்றி இன்றைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர்கள், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள், போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரிலும் பாதிப்பேர் ஒரு காலத்தில் வெர்லின் ஸ்வோபோதாவின் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார் மனிதர். நெப்ராஸ்காவின் ஜனவரிப் பனியில், எதிரே வருகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாத காலைகளிலும், ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அப்படிப்பட்டவர் ஐம்பதாவது வயதில், அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விற்றுவிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிலர் பொத்தாமலும் சிரித்தார்கள்.

பொத்தாமல் சிரித்தவர்களில் முதல் ஆள் ஆர்லோ. ஊர் விமானத் திடலில் எரிபொருள் பம்பும் காபிக் குடுவையும் அவர் பொறுப்பு. இரண்டிலிருந்தும் வருவது ஒரே ருசி என்று சொல்வார்கள்.

"மேல போய் எங்க நிறுத்துவ வெர்லின்? மேகத்துல பிள்ளைங்க கைகாட்டுமா?" என்றார் ஆர்லோ.

"நிறுத்தவே வேண்டாம்னுதான்யா மேல போறேன். முப்பது வருஷமா நிறுத்தி நிறுத்திக் கால் தேஞ்சுபோச்சு" என்றார் வெர்லின்.

அவர் மனைவி மார்லிஸ் அப்போது அஞ்சலகத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் முழுக்க, அவர் மேலே போகும்போதெல்லாம் திடலின் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்னப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே விழுவோம். நானும் கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதோடு விடாமல், இரண்டே வருஷத்தில் அவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிற உரிமமும் வாங்கினாள். வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சலகத்தில், சலூனில், தேவாலய வாசலில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷங்களில்தான் நாடு முழுக்க விமானிகளுக்குப் பஞ்சம் வந்தது. சின்ன ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் பெரிய நகரத்தில் கொண்டுபோய் இறக்குகிற, எழுபது எண்பது இருக்கை விமானங்களை ஓட்டுகிற கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் அல்லாடின. நரைத்த தலைகளையும் கூப்பிட்டார்கள். ஆனால் வாசலில் நிற்கிற கணக்கு நரைத்த தலைக்கும் கருத்த தலைக்கும் ஒன்றுதான். ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஐந்நூறு மணி தொலைதூரப் பறப்பாக இருக்க வேண்டும். தொலைதூரம் என்றால், கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் ஐம்பது மைலைத் தாண்டிப் போய்வர வேண்டும். ஐம்பதுக்கு இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் அது தொலைதூரத்தில் சேராது. இந்தக் கணக்கோடு வாழ்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மச்சினி வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டால்கூட, என்ன சமையல் என்று கேட்கமாட்டார்கள், எத்தனை மைல் என்றுதான் கேட்பார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அறுபத்தைந்து வயது முடிந்தால் கம்பெனி விமானத்தை ஓட்டக்கூடாது. வெர்லினுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மார்லிஸுக்கு மூன்று வயது குறைவு.

வெர்லின் பறந்ததில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றித்தான். வட்ட வட்டமான பாசன வயல்களுக்கு மேலே பறந்து, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எங்கே சோளம் மஞ்சளாகிறது என்று படமெடுத்துக் கொடுக்கிற வேலை. மணி ஏறியது, மைல் ஏறவில்லை. தொலைதூரத்துக்கு அவரும் மார்லிஸும், மணி சேர்க்கிற வாலிபர்கள் எல்லாரும் செய்கிற வழியையே பிடித்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி நெற்றியில் மாட்டிக்கொள்கிற மறைப்பு ஒன்று உண்டு. ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவார். இன்னொருவர் பக்கத்து இருக்கையில் காவலாக உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். அந்த ஒரு மணி இருவர் கணக்கிலும் ஏறும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மறைப்பை எப்போதும் மார்லிஸ்தான் மாட்டிக்கொண்டாள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற தேர்வில் முதல் தடவை தோற்றிருந்தாள். அந்தப் பயம் தேர்வில் தேறிய பிறகும் போகவில்லை. வெர்லினுக்கோ வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். இருவருக்கும்தான் மணி சேர்கிறதே, யார் ஓட்டினால் என்ன? நாலு வருஷம், வாரக் கடைசி தவறாமல், அவள் குருடாக ஓட்டினாள். அவர் வலப்பக்கம் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"மார்லி, கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கு. பருந்து ஒண்ணு."

"எவ்வளவு ஒதுங்க?"

"போதும் போதும். தாண்டிட்டோம். போறப்ப உன்ன ஒரு முறை முறைச்சுது பாரு."

"உங்க அம்மா மாதிரியா?"

"அம்மா இவ்வளவு கிட்ட வரமாட்டா."

இப்படியே கான்சாஸ், டகோட்டா, வயோமிங் என்று பக்கத்து மாநிலமெல்லாம் சுற்றினார்கள். இறங்கிய ஊர்களில் கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ரொட்டி வாங்கி, இறக்கை நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். மகளை வளர்த்து, ஒமாஹாவில் கட்டிக்கொடுத்து, வீடு காலியான பிறகு இரண்டு பேருக்கும் வாய்த்த தேனிலவு அதுதான். இருவர் கணக்கிலும் ஆயிரத்தைந்நூறு நிறைந்ததும், ஒரே கம்பெனிக்கு, ஒரே பயிற்சி வகுப்பில் சேர்வது என்று பேசி, ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள்.

ஜூன் மாதத்தில் ஒமாஹாவில் ஒரு ஹோட்டல் மாடியில் நேர்முகம். கம்பெனிக்காக ஆள் எடுக்க வந்திருந்தவர் ஹார்கிஸ் என்று ஒரு அம்மாள். கறாரான முகம், நல்ல மனசு. இருவரின் பறப்புப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே நாட்கள், ஒரே ஊர்கள், ஒரே மணிகள்.

"இதுல விமானத்த ஏத்தி எறக்கினது யாருங்க?" என்று கேட்டார்.

வெர்லினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எல்லாம் இவதாங்க. ஒண்ணு விடாம இவதான். நான் இவளுக்குக் கண்ணு."

ஹார்கிஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். வைத்த விதத்திலேயே மார்லிஸுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"மிஸ்டர் ஸ்வோபோதா, காவலுக்கு உக்காந்தவருக்கு மொத்த மணி உண்டு. தொலைதூர மணி கிடையாது. அது ஏத்தி எறக்கினவங்களுக்கு மட்டும்தான் சேரும்."

"ரெண்டு பேரும் ஒரே விமானத்துலதாங்க போனோம். அவ வயோமிங் போனா நானும் வயோமிங்தானே போயிருப்பேன்?"

"போயிருப்பீங்க. கணக்குல போகல. வருத்தப்படாதீங்க, பாதிப்பேர் பண்ற தப்புதான் இது."

வெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. நாலு வருஷத்து வாரக் கடைசிகள் அந்த மேஜைமேல் காற்றாய்ப் போயின. மார்லிஸுக்கு ஜூலை வகுப்பில் இடம் கிடைத்தது. வெர்லினுக்குத் தொலைதூரத்தில் இருநூறு மணிக்கு மேல் குறைந்தது. ஹார்கிஸ் அம்மாள் தன்னால் முடிந்ததைச் செய்தார். "மார்ச் முடியறதுக்குள்ள முடிச்சிட்டு வாங்க. ஏப்ரல் வகுப்புல உங்களுக்கு ஒரு இடம் போட்டு வைக்கிறேன். அதுக்கப்புறம் ஆள் எடுக்கறத நிறுத்தப்போறதா பேச்சு. அப்ப என் கையில ஒண்ணும் இருக்காது."

காரில் ஏறியதும் மார்லிஸ் அழுதாள். "நான் போகல. சேர்ந்து போலாம்னுதான பேச்சு."

"பைத்தியமா உனக்கு? கம்பெனியில எல்லாமே சேர்ந்த தேதி வச்சுதான். யாருக்கு எந்த ஊரு, யாருக்கு எந்த நாள் லீவுன்னு எல்லாமே. ஒரு மாசம் பிந்தினா நூறு பேருக்குப் பின்னால நிப்ப. போ" என்றார் வெர்லின்.

வாய் சொன்னது அது. வயிறு வேறு சொன்னது. அவர் நல்லவர்தான், அதற்காக வயிறு எரியாமல் இருக்குமா? என் கண்ணை வைத்துக்கொண்டு இவள் மணி சேர்த்துவிட்டாள் என்று ஒரு நினைப்பு உள்ளே புகுந்தது. விரட்டினார், போகவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அது வாய்வழியே வெளியே வந்தும்விட்டது.

"நான் பாத்துச் சொன்ன வானத்துலதான நீ பைலட் ஆன?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மார்லிஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆமா. அதத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள்.

அக்டோபரில் பயிற்சி முடிந்து அவள் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கினாள். கம்பெனி அவளுக்கு ஒதுக்கிய ஊர் மினியாபொலிஸ். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குக் காத்திருப்பு வேலைதான். கம்பெனி எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும். எட்டுப் பேர் பங்குபோட்டு எடுத்த அறையில் அடுக்குக் கட்டில். ஐம்பத்தேழு வயதில் அவளுக்கு மேல்தட்டு.

"ஏணி ஏறி எறங்கத் தெரியுதான்னும் நேர்முகத்துல கேட்டிருக்கணும். அத விட்டுட்டாங்க" என்று போனில் சிரித்தாள்.

விடுப்பு நாள் கிடைத்தால், எந்த விமானத்தில் இடம் காலியோ அதில் தொற்றிக்கொண்டு ஒமாஹா வந்து, அங்கிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி லூப்டன் வந்து சேர்வாள். வந்த மறுநாள் காலையில் திடலுக்குக் கிளம்பிவிடுவாள். ஊர்ப் பறப்புக் கழகத்தின் சின்னஞ்சிறு செஸ்னா விமானத்தில் இப்போது வெர்லின் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். ஏற்றுவதும் இறக்குவதும் அவர். அவளுக்கு அந்த மணிகளால் சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை. வெர்லினுக்கும் பக்கத்தில் ஆள் தேவையில்லை. தனியாகப் பறந்தாலும் அவர் கணக்கில் அதே மணிதான் சேரும். வார நாட்களில் தனியாகத்தான் பறந்தார்.

வேண்டாம், நீ வீட்டில் படு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறைக்காமல் சொன்னால், அவள் அப்படி வந்து உட்காருவது அவருக்குப் பிடித்திருந்தது. பட்ட கடன் அடைகிறது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. அதை நினைத்து வெட்கமும் பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆர்லோ விடுவாரா?

"எழுபத்தாறு பேர ஏத்திட்டுப் போற அம்மா, இங்க வந்து ஒத்த ஆளுக்கு வழித்துணையா? நல்லாருக்குய்யா உங்க குடும்பம்."

"அவரு வழி தவறி கனடாவுக்குப் போயிட்டா நீயா போய்க் கூட்டிட்டு வருவ?" என்றாள் மார்லிஸ்.

"கனடா அவரத் திருப்பி அனுப்பிடும். அங்கயும் கணக்கு கேப்பாங்க."

அவள் வருகிற நாளில் வெர்லின் மிளகாய்ப் பீன்ஸ் குழம்பு வைப்பார். தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. பள்ளி மதியச் சாப்பாட்டில் எல்லாப் பிள்ளைகளும் தின்று வளர்ந்த ஜோடி அது. அதற்கு ஈடாக ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நெப்ராஸ்காக்காரர் எவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். இரண்டு தடவை அவள் கையில் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். வெர்லின் எழுப்பி, "காலையில சீக்கிரம் கிளம்பணும், போய்ப் படு" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது. அவர் தலைக்குள் எப்போதும் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றிருபது, எண்பது, நாற்பது என்று அது இறங்கிக்கொண்டே வந்தது. சாப்பிடும்போதும் அதுதான், பல் தேய்க்கும்போதும் அதுதான். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் லூப்டனை நடுவில் வைத்து ஐம்பது மைலுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அதற்கு உள்ளே இருக்கிற ஊர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. இன்னும் சேர வேண்டியது ஐந்தே மணி. மேற்கே ஸ்காட்ஸ்ப்ளஃப் வரை போய்த் திரும்பினால் எதிர்காற்றோடு சேர்த்து ஐந்தைத் தாண்டிவிடும். பிற்பகலில் வடக்கிலிருந்து பனிக்காற்று வருகிறது, வந்தால் மூன்று நாள் ஒன்றும் பறக்காது என்று வானிலைச் செய்தி. ஆகவே அந்தப் பகல்தான், அதை விட்டால் மார்ச் போச்சு, மார்ச் போனால் ஏப்ரலும் போச்சு.

மார்லிஸ் சனிக்கிழமை மாலை வந்து சேர வேண்டியவள். ஏறவேண்டிய விமானங்களில் இடம் கிடைக்காமல், சிகாகோ சுற்றி வந்து, வீட்டு வாசலில் கார் நின்றபோது ஞாயிறு விடிந்துகொண்டிருந்தது. மறுநாள் மதியம் மினியாபொலிஸில் வேலைக்கு நிற்க வேண்டும். வந்தவள் முகம் கழுவி, அலமாரியிலிருந்து கனத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பிளாஸ்கில் காபி ஊற்றினாள்.

"கிளம்பு மனுசா. கடைசி நாள். இதுக்கு நான் இல்லாமலா?"

"தூங்கலையே நீ?"

"சிகாகோவுல நாற்காலியில தூங்கினேன். உனக்கு மணி முடியட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கலாம்."

வெர்லின் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் ஜன்னல் வழியே காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஏறியதும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டு வந்தாள். மகள் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் தேடுகிறாள், மூன்று பெயர் சொன்னாள், மூன்றும் நாய்க்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது என்றாள். தெற்கே பிளாட் ஆறு காலை வெயிலில் பளபளத்தது. வருஷா வருஷம் அந்த மாதத்தில் வந்து குவிகிற சாம்பல் கொக்குகள் ஆற்று மணலிலிருந்து எழும்பத் தொடங்கியிருந்தன. ஆயிரக்கணக்கில் எழும்பும். சின்ன விமானத்துக்கு அதைவிட வினை வேறில்லை.

"மார்லி, இடப்பக்கம் பாரு. கொக்கு."

பதில் இல்லை.

"மார்லி, கீழதான் இருக்கு. இருந்தாலும் நீயும் ஒரு கண்ணு வச்சுக்க."

பதிலுக்குக் காதில் மாட்டியிருந்த கருவியில் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. அவள் மூச்சு. வாய்க்கு நேராக இருந்த ஒலிவாங்கி அதைப் பிடித்து அவர் காதில் ஊற்றிக்கொண்டிருந்தது. இழுத்து, நின்று, பிறகு விடுகிற மூச்சு. திரும்பிப் பார்த்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கி, வாய் திறந்து, மடியில் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. எழுபத்தாறு பேரை ஏற்றுகிற அம்மா! ஆர்லோவிடம் சொன்னால் ஒரு மாதத்துக்குக் காபி இலவசம். கையை நீட்டி அவள் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்து வைத்தார். அது மறுபடியும் சரிந்தது. இப்படி அவளை அவர் பார்த்ததே இல்லை. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட அவள் விமானத்தில் கண் அசந்ததில்லை. தலைவலியோடும் காய்ச்சலோடும் ஓட்டியிருக்கிறாள், கண்ணை மூடினதில்லை.

இப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலைமுடியை ஏதோ ஒரு ஊர்க் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முடிந்த முடிச்சு அப்படியே இருந்தது. விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறாள்? நூற்றிருபது, எண்பது, நாற்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை. முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்துப் பேருந்து ஓட்டியவர். எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வீட்டு மனுஷியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மேற்கே போகப் போகக் காற்று உலுக்கும். இரண்டரை மணி நேரம் போய், இரண்டரை மணி நேரம் வந்து, இறங்கும்போது மதியம் தாண்டிவிடும். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து அவள் மறுபடியும் ஒமாஹாவுக்குக் கார் ஓட்ட வேண்டும். மதியம் அவள் முதுகுக்குப் பின்னால் எழுபத்தாறு பேர் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். இப்படித் தலை தொங்க உட்கார்ந்து தூங்குவது தூக்கமா? அவளுக்கு வேண்டியது கட்டில், இருட்டு, கம்பளி. சமையலறையில் சத்தம் போடாத ஒரு புருஷன்.

ஐயோ மார்லி, என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்காகவா இப்படி ஆன? அந்த இஸ்திரிப் பெட்டி நாளில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது. வானம் என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா, பார்த்துச் சொன்னதற்குக் கூலி கேட்க? அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. விமானம் ஓட்டும்போது அழக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டார், கொக்குகள் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தன.

பிறகு, அவள் தலை இடிக்காதபடி ரொம்ப மெதுவாக, பெரிய வட்டமாக, விமானத்தைத் திருப்பினார்.

சக்கரம் தரையைத் தொட்ட குலுக்கலில் மார்லிஸ் விழித்தாள். வாயோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"ஸ்காட்ஸ்ப்ளஃபா?"

"இல்ல."

"அது நம்ம ஊரு தண்ணித் தொட்டி." கண்ணைக் கசக்கினாள். "அங்க நிக்கிறது ஆர்லோ. என்ன ஆச்சு? எஞ்சினா?"

"எஞ்சின் நல்லாருக்கு. நீதான் நல்லால்ல."

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தூக்கம் மொத்தமும் அந்தக் கணத்தில் பறந்துபோனது. "திருப்பு. இப்பவே திருப்பு வெர்லின். இன்னும் நேரம் இருக்கு, போயிடலாம்."

"இல்ல மார்லி. இனிமே கிளம்பினா திரும்பி வர்றப்ப காத்துல மாட்டிக்குவோம்."

"என்னை எறக்கிவிட்டுட்டு நீ போ. அங்கயே தங்கிட்டு வா."

"மார்ச்சுக்குள்ள போயிட்டுத் திரும்பியும் வந்தாத்தான் அஞ்சு மணி சேரும். பனி விழுந்தா மூணு நாள் அங்கதான் கெடப்பேன். அது கெடக்கட்டும். வீட்டுக்குப் போயி நீ தூங்கு."

"என்னது கெடக்கட்டும்?" அவள் குரல் உடைந்தது. "உனக்கு இருக்கறதே அஞ்சு வருஷம். ஏப்ரல விட்டா அப்புறம் எடுப்பாங்களோ மாட்டாங்களோ. நான் கொஞ்சம் கண்ணசந்தா என்ன, எழுப்பித் தொலைய வேண்டியதுதான? இதுக்கா இத்தனை மாசம் வந்து வந்து உக்காந்தேன்?"

"இதுக்காக இனிமே வராத. எனக்கு நீ ஒண்ணும் திருப்பித் தரவேண்டியதில்ல. அன்னைக்கு நான் சொன்னது கேவலமான பேச்சு. மன்னிச்சுடு."

விமானத்தைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. மார்லிஸின் மூளை அதற்குள் கணக்கில் இறங்கிவிட்டிருந்தது. அவளும் இந்தத் தொழில்காரிதானே.

"எவ்வளவு தூரத்துல திரும்பின?"

"முப்பத்தெட்டு மைல்."

"முப்பத்தெட்டா!" இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னும் பன்னெண்டு மைல் போயிட்டுத் திரும்பியிருந்தா இந்த ஒரு மணியாவது உன் கணக்குல ஏறியிருக்குமே, மடையா! ஏழு நிமிஷம்! இத்தனை வருஷம் கணக்குப் போட்ட மனுசனுக்கு ஒரு ஏழு நிமிஷம் பொறுக்க முடியலயா?"

வெர்லினின் கை சாவியிலேயே நின்றது. அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். ஒன்பது மாதமாகச் சுவரில் பார்த்த சிவப்பு வட்டம்.

"அது எனக்குத் தோணவே இல்ல மார்லி" என்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மார்லிஸ் அடுத்ததாகத் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் திரும்பினார்கள் என்று கேட்டுக் கேலி பண்ண, பம்பிலிருந்து காபிக் கோப்பையோடு கிளம்பி வந்துகொண்டிருந்த ஆர்லோ பாதி வழியில் நின்றார். நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போனார்.